ஏற முடியாத ஜீப்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நிற்கிறது. டயர் மட்டுமே கிட்டத்தட்ட என் இடுப்பு உயரம். கதவைத் திறந்தால், உட்காரும் இடம் என் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே இருக்கும். தெருவில் போகிறவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள். பிறகு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்ப்பார்கள். இந்த ஆளுக்கும் இந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்திலேயே தெரியும். சிலர் வாய்விட்டுக் கேட்டும் விடுவார்கள்.

"அண்ணே, இத யாரு ஓட்டுறது?"

"என் பொண்ணு."

"நீங்க?"

"நான் பாத்துக்கினு இருக்கேன்."

இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் எனக்கு எதுவுமே சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

என் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்து வருஷங்கள் ஆகின்றன. நான் வேலை பார்த்த பஞ்சாலையில் வேலைநிறுத்தம் என்றால் என்றைக்காவது ஒருநாள் பேச்சுவார்த்தைக்கு உட்காருவார்கள். இவை பேச்சுக்கே வரவில்லை. அதனால் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். காலையில் போனால் மத்தியானம்தான் விடுதலை. வீட்டுக்கு வந்து விழுந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியாது. மறுநாள் கொஞ்சம் மனுஷன் மாதிரி இருப்பேன். அதற்கு மறுநாள் மறுபடியும் கிளம்ப வேண்டும்.

இதில் வலிகூடப் பெரிதில்லை. முடிவே இல்லாததுதான் பெரிது. காய்ச்சல் என்றால் ஒருநாள் விடும், கால் முறிந்தால் ஒருநாள் கூடும். இது அப்படி இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், இன்னும் பல வருஷம் இப்படியே போகும் என்று அர்த்தம். அதைக் கேட்டு என் மனைவி கும்பிடுவாள். எனக்கு உள்ளே சோர்ந்து போகும்.

எனக்குப் போதும் என்றிருந்தது. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் மனைவி அழுவாள், அழுதுகொண்டே வெங்காயம் நறுக்குவாள், அதையும் நான்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் போவேன். ஆட்டோக்காரர் குருசுக்குப்பத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கிளம்பும் முன் போன் செய்வார். "வரட்டுமாண்ணே?" என்று கேட்பார். நான் வா என்றால்தான் வருவார். ஒவ்வொரு முறையும் "வாப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒருநாள் "இன்னைக்கு வேணாம்பா" என்று சொல்லலாம், அவரும் சரியென்று வைத்துவிடுவார் என்ற நினைப்பு எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. என் வாழ்க்கையில் என் கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இந்த ஜீப் வருவதற்கு முன் அடித்த புயலின்போது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட ஏற்படவில்லை. மழையே சொல்லிவிட்டது.

எங்கள் தெரு பள்ளமான தெரு. ஒருகாலத்தில் அப்படி இல்லை. சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே கொட்டினார்கள். சாலை ஏற ஏற வீடுகள் இறங்கின. பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அங்கிருந்து வரும் பென்ஷனை வைத்து, வீட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மொத்த வீட்டையும் தூக்கிவிட்டார். அதன் பிறகு அவர் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லோரும் எதையாவது உயர்த்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள்தான் இருந்த இடத்திலேயே கீழே போய்க்கொண்டிருந்தோம்.

புயலன்று விடிந்தபோது கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதந்தது. வாசலில் இடுப்பளவு தண்ணீர். அன்று என்னுடைய முறை. ஆட்டோ வர வழியில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போகவில்லை. என் மகள் எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். முந்தைய நாள் ஷிப்டுக்குப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். என் மனைவி பூஜை அலமாரியைக் காப்பாற்றுவதா என்னைக் காப்பாற்றுவதா என்று தெரியாமல் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள்.

நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டால் பையன்களுக்கு இருக்குமே, அப்படிப்பட்ட நிம்மதி. இன்று ஊசி இல்லை, என் குற்றமும் இல்லை.

மகள் மறுநாள் முழங்கால் தண்ணீரில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அதற்கடுத்த முறைக்குள் தண்ணீர் பெரும்பாலும் வடிந்துவிட்டது. தெருமுனையில் மட்டும் கொஞ்சம் நின்றது. ஆட்டோக்காரர் போன் செய்தபோது, "முனையில தண்ணி நிக்குதுப்பா, பாத்துக்கலாம்" என்றேன். தண்ணீர் நின்றது உண்மைதான். கணுக்கால் அளவுக்கு. மகள் வாசலில் நின்று சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை.

அன்று இரவு மூச்சு முட்டியது. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறியது. எப்படியோ ஆம்புலன்ஸ் வந்தது, எப்படியோ பிழைத்தேன். கண் விழித்துப் பார்த்தபோது மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் போல் என் முகத்தையே பார்த்தாள்.

பிறகுதான் இந்த ஜீப் வந்தது.

ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப். கல்யாணத்துக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததில் வாங்கினாள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதைத் தவிர அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. என் மனைவி முதலில் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். அவள் கோபத்தை வாயால் சொல்ல மாட்டாள், பாத்திரம் சொல்லும்.

மகள் வண்டியை மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில் கொண்டுபோய் விட்டாள். சனி, ஞாயிறுகளில் தானும் அங்கேயே கிடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனாள். கழற்றிப் போட்டிருந்த பழைய டயரின் மேல் என்னை உட்கார வைத்துவிட்டு, வேலையைக் காட்டினாள்.

சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்குவதற்குப் பட்டை பட்டையாக வளைந்த இரும்பு வில் இருக்கும். அந்த வண்டியில் அது அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்றி அச்சுக்கு மேலே கட்டினார்கள். அதிலேயே வண்டி ஒரு முழத்தில் பாதி எழும்பிவிட்டது. பிறகு பெரிய டயர். கட்டை விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் பள்ளமாக வெட்டு விழுந்த டயர். அது மட்கார்டில் உரசாமல் இருக்கத் தகட்டை வெட்டினார்கள். காற்று இழுக்கும் குழாயை பானட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, கண்ணாடி ஓரமாக மேலே ஏற்றி, கூரை உயரத்தில் வாய் வைத்துவிட்டார்கள். என்ஜின் தண்ணீருக்குள் நின்றாலும் மூச்சு மேலே விடும் என்றாள்.

மெக்கானிக் என் வயது இருக்கும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "இவ்ளோ உசரம் வேணாம்னு சொன்னேண்ணே. வளைவுல தள்ளும், பிரேக் பத்தாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. பாப்பா கேக்கல."

"எவ்ளோ உசரம்?" என்றேன்.

"உங்க வீட்டுச் செவுத்துல தண்ணி நின்ன கறை இருக்குதாமே. அத டேப் வெச்சு அளந்துக்கினு வந்துச்சு. அதுக்கு மேல ஒரு சாண் வேணும்னு சொல்லிடுச்சு."

எங்கள் கூடத்துச் சுவரில் அந்தப் பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்தும் போகவில்லை. நான் அதைத் தினமும் பார்க்கிறேன், அழுக்கு என்று நினைத்துக்கொள்கிறேன். அவள் அதை அளந்திருக்கிறாள்.

அவர் சொன்னபடி பிரேக்கை மட்டும் மாற்றினாள். கம்பெனிக்கு லீவு போட்டு அலைந்து வண்டியின் காகிதங்களையும் ஒழுங்கு செய்தாள். தோற்றுப்போகிற சண்டையில் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி மனசு மாறி, மஞ்சள் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். மகள் வண்டியை மெல்ல நகர்த்தினாள். மூன்று பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. நான்காவதைக் காணோம். தேடிப் பார்த்தால், பின்பக்க டயரின் பள்ளத்தில் போய் முழுசாக உட்கார்ந்திருந்தது. மறுபடி வைத்து ஓட்டினாள். மறுபடியும் அது பள்ளத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. இந்தத் தெருவில் எத்தனையோ வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள், நசுங்காத எலுமிச்சம்பழத்தை யாரும் பார்த்ததில்லை.

"இன்னாடி இது, நசுங்கலயே" என்றாள் என் மனைவி, முகம் வெளுத்துப்போய்.

"தப்பிச்சிடுச்சும்மா. வுடு" என்றாள் மகள்.

அடுத்த நாள் என் முறை. ஆட்டோ வேண்டாம் என்று மகளே போன் செய்து சொல்லிவிட்டாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன்.

டயாலிசிஸுக்குப் போகிற காலையில் என் உடம்பு ஒரு தண்ணீர் மூட்டை. காலெல்லாம் வீங்கி, முழங்கால் மடங்காது. வீட்டு வாசற்படி ஏறவே சுவரைப் பிடிப்பேன். இதில் என் தொடைக்கு மேலே ஒரு இரும்புப் படி. அதையும் அவள் உயரத்தில்தான் வைத்திருந்தாள். தாழ்வாக வைத்தால் பள்ளத்தில் இடிக்குமாம். ஏறுவதற்கு வசதியாகக் கதவு ஓரத்தில் ஒரு கைப்பிடி பற்றவைத்திருந்தாள். உறுதியான, அழகான கைப்பிடி. நெளிவு சுளிவு இல்லாத வெல்டிங்.

மகள் பின்னாலிருந்து தள்ளினாள். மனைவி காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். தெருவில் போன ஒருவர் ஓடி வந்து முதுகைத் தாங்கினார். நான் கைப்பிடியை எட்டிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் மனைவி கத்தினாள்.

இடது பக்கக் கதவில் ஏறுகிறவனுக்கு முன்பக்கக் கைப்பிடி இடது கைக்குத்தான் வரும். என் இடது கை ஊசிக்கான கை. அதில் ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் கடிகாரம் கட்டக் கூடாது, பை தூக்கக் கூடாது, அதன் மேல் படுக்கக் கூடாது. தொட்டுப் பார்த்தால் உள்ளே உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றுபோனால் மறுபடி ஆபரேஷன், மறுபடி வேறு இடம் தேட வேண்டும். அந்தக் கையால்தான் என் மொத்த உடம்பையும் இழுத்திருந்தேன்.

மகள் என் கையைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். "ஓடுதுப்பா, ஓடுது" என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பார்த்துவிட்டுத் திட்டினார். அவர் என்னைத் திட்டினார், மகள் தலை குனிந்து நின்றாள். தண்ணீர், பள்ளம், சேறு எல்லாவற்றையும் யோசித்துக் கட்டிய வண்டி. அதில் ஏறப்போகிற ஆளை மட்டும் பழைய அப்பாவாகவே நினைத்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டு இழுத்தேன்.

அடுத்த முறை குருசுக்குப்பம் ஆட்டோ வந்தது. "வரட்டுமாண்ணே?" "வாப்பா."

மகள் விடவில்லை. கைப்பிடியை வெட்டியெடுத்து வலது கைக்குத் தோதாக சீட் ஓரத்தில் வைத்தாள். என் வலது கைக்கு அந்தப் பலம் இல்லை. குளியலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள், அது ஆடியது. மரப்பெட்டி செய்து வந்தாள், அதன் மேல் ஏறவே ஒரு முக்காலி வேண்டியிருந்தது. என் மனைவி, "பேசாம ஏணி வாங்கிடு" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். மகள் நிஜமாகவே யோசித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீராம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வண்டியை ஓட்டிப் பழகப் போனாள். மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து, டயரில் காற்றை இறக்கச் சொன்னார்களாம். காற்று இறங்கினால் டயர் பரந்து மணலைப் பிடிக்கும். வண்டி வெளியே வந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்ததும் சொன்னது அதை இல்லை.

"அப்பா, காத்த எறக்குனா ரெண்டு விரக்கட எறங்குதுப்பா வண்டி."

அதன் பிறகு என்னுடைய முறை வரும் காலையெல்லாம், விடியும் நேரத்தில் வாசலில் ஸ்ஸ்ஸ் என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கிக்கொண்டிருப்பாள். படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்பேன். இன்றைக்கும் ஊசி என்று அதுதான் எனக்கு முதலில் சொல்லும். எழுந்து போய்ப் பார்ப்பேன். ஓர் அங்குலமோ இரண்டங்குலமோ இறங்கிய அந்த மலையைப் பார்த்து, "வேணாம்மா, ஆட்டோ வந்துகினு இருக்கு" என்பேன். அவள் பம்பை எடுத்து மறுபடி காற்றடிப்பாள். வேலைக்கு நேரமாகிவிடும்.

"தூக்கி வெக்கிறோம், சும்மா இருப்பா" என்று ஒருமுறை சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னா அரிசி மூட்டையா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அதற்குப் பிறகு காற்று இறக்கும் சத்தம் நின்றுபோனது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. காலையில் எதையோ எதிர்பார்த்துப் படுத்திருப்பேன், ஒன்றும் கேட்காது.

"அது மழைக்கு இருக்கட்டும்" என்று ஒருநாள் சமாதானமாகச் சொன்னேன். அவள் சரியென்றாள். அதிலிருந்து அவள் மழைக்காகக் காத்திருந்தாள். நானும்தான், வேறு காரணத்துக்காக.

மழை வந்தது. புயல் என்று பேர் வைக்காத மழை, ஆனால் விடாமல் பெய்தது. விடிந்தபோது செருப்பு மிதந்தது. பக்கத்து வீட்டு சொல்தா தன் உயரமான வாசலில் நின்று காப்பி குடித்தபடி எங்கள் வீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஆட்டோக்காரர் போன் செய்து, "இன்னைக்கு வர முடியாதுண்ணே, புல்வார் ரோட்டத் தாண்டி ஒரு வண்டியும் போவல" என்றார். "பரவாலப்பா" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மகள் தொடையளவு தண்ணீரில் நடந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். நனைந்த பேண்ட்டோடு என் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"கெளம்புப்பா."

"எப்டி ஏறுறது? காஞ்ச தரையிலயே ஏற முடியல."

"அத நான் பாத்துக்குறேன். கெளம்பு."

"ஒருநாள் போவலன்னா ஒண்ணும் ஆவாது. தண்ணி வடியட்டும்."

என் மனைவி கதவோரம் நின்றாள். மகள் கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் கால்களைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது.

"போன தடவ வடிஞ்சிதேப்பா" என்றாள். "கணுக்கால்தான் இருந்துச்சு. நான் அதுலதான் நின்னுக்கினு இருந்தேன். நீ ஆட்டோக்காரர்கிட்ட சொன்னது என் காதுல வுழுந்துச்சு."

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"தண்ணிக்காக இந்த வண்டிய கட்டல. அதுக்கு ஆம்புலன்ஸ் வந்துடும், யாருனா வந்துடுவாங்க. மழன்னு ஒரு சாக்கு உன்கிட்ட இருக்கக் கூடாதுன்னுதான் கட்டுனேன். இனிமே போவலன்னா, மழயால இல்ல. நீயே வேணாம்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். சொல்லு. நான் கேட்டுக்கிறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னாள். இரவு ஷிப்டு முடிந்து வந்தவள் சாப்பாடு வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. இத்தனை நாளாக இந்த வீட்டில் சோர்வு எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். இருபத்தேழு வயதுப் பெண்ணின் முகத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"சட்டைய எடு" என்றேன் மனைவியிடம்.

மகள் திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினாள். "ஏறிக்கோ. எடது கைய தூக்கிப் புடிச்சுக்க." சின்ன வயதில் கடற்கரையில் நடக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது இவளை உப்பு மூட்டை தூக்கியிருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். அப்போது எனக்கு விழுந்துவிடுவேனோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. என் மனைவி பின்னால் தாங்கிக்கொண்டு வந்தாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். சொல்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ஜீப்பின் கதவு திறந்திருந்தது. மகள் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள், ஓர் அடி பின்னால் வைத்தாள். எனக்குக் கீழே சீட் இருந்தது. அவள் முதுகில் நான் இருந்த உயரமும் அந்த சீட்டின் உயரமும் ஒன்று. நான் ஏறவே இல்லை. சும்மா உட்கார்ந்தேன். அத்தனை மாதம் முக்காலி, பெட்டி, கைப்பிடி, காற்று என்று அந்த உயரத்தோடுதான் பாடுபட்டோம். வண்டி கொஞ்சம் தாழ்வாக இருந்திருந்தால் அவளால் குனிய முடியாமல் இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்திருப்போம்.

அவள் மூச்சு வாங்க நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள். "பாத்தியா, சரியாத்தான் வெச்சிருக்கேன் உசரம்."

"நீ அளந்தது தண்ணிக்கு" என்றேன்.

"சரி, சரி. கால உள்ள இழு."

வண்டி கிளம்பியது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. கண்ணாடி ஓரத்துக் குழாய் புஸ்புஸ் என்று மூச்சு விட்டது. பெரிய டயர் போட்டதிலிருந்து வேகமானி குறைத்துத்தான் காட்டும், அன்று அது காட்டியதற்கும் நாங்கள் போனதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடைதான். புல்வார் முனையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்தார், உள்ளே ஊசித் தழும்பு ஏறிய என் கையைப் பார்த்தார். "இது வண்டியா, மாடி வீடா?" என்று சொல்லிவிட்டு வழி விட்டார். மகள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னோடு அதே நேரத்துக்குப் படுக்கிற கட்டில்களில் பாதி காலியாக இருந்தன. நர்ஸம்மா ஊசி குத்தும் முன் என் கையில் விரலை வைத்துப் பார்த்து, "நல்லா ஓடுது" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மத்தியானம் வரை மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினாள். வாய் திறந்திருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

திரும்பி வரும்போது தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. வீட்டு வாசலில் மறுபடி அதே மாதிரி முதுகைக் காட்டினாள், நான் சீட்டிலிருந்து அப்படியே சாய்ந்துகொண்டேன். உடம்பில் இருந்த தண்ணீரையெல்லாம் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டதால் காலையில் இருந்ததைவிட எடை குறைந்திருந்தேன். அவளுக்கு அது தெரிந்திருக்கும். என் தொடையைப் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் ஊசி என்றால் அலுப்புதான். டாக்டர் நன்றாக இருக்கிறீர்கள் என்றால் இன்றும் உள்ளே சோர்ந்துதான் போகிறது. என்றைக்காவது ஒருநாள் வேண்டாம் என்று சொல்லுவேனோ என்னவோ. சொன்னால் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த முறைக்கு வெயில் அடித்தது. தெரு காய்ந்திருந்தது. விடிந்தும் விடியாமலும் குருசுக்குப்பத்து ஆட்டோக்காரர் போன் செய்தார்.

"வரட்டுமாண்ணே?"

வாசலில் ஜீப்பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மகள் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றிருந்தாள்.

"வேணாம்பா" என்றேன். "இனிமே போன் பண்ணாத."